பணிமனை 140 கிலோமீட்டர் தொலைவில்: வேலூரில் சொகுசு எஸ்.யூ.வி. வைத்திருப்போர் அறிய வேண்டியவை

காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கங்களிலும் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5, மெர்சிடிஸ் ஜி.எல்.இ., ஆடி க்யூ7, வோல்வோ எக்ஸ்.சி.90 போன்ற வண்டிகளைக் குடும்பத்துக்கென்று வாங்குவோர் இருக்கிறார்கள். வாங்கும் நாளில் ஷோரூமில் சொல்லப்படும் பராமரிப்பு முறை, கோளாறு என்றால் அரை மணி நேரத்தில் பணிமனையை அடைந்துவிடக்கூடிய பெருநகரவாசிக்கு ஏற்றது. நமக்கோ இவ்வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றின் முழு வசதியுள்ள பணிமனை சுமார் 140 கிலோமீட்டர் தள்ளிச் சென்னையிலோ, 200 கிலோமீட்டருக்கு மேல் பெங்களூருவிலோதான் இருக்கிறது. ஆகவே வேலூரில் இந்த வண்டியை வைத்திருப்பவர், கோளாறு வந்தபின் பழுது பார்ப்பவராக அல்லாமல், அது வருவதற்கு முன்பே அறிகுறியைக் கண்டுகொள்பவராக இருந்தாக வேண்டும். கீழே எழுதியிருப்பவை அனைத்தும் அந்த ஒரு தேவையை ஒட்டியவை.

முதலில் வாங்கும்போது கவனிக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குத் தமிழ்நாட்டில் ஆயுள்கால வரி 2023 நவம்பர் முதல் 20 சதவீதம்; ஷோரூம் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு விற்பனையாளர் வசூலித்து உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் ஒரு சதவீத டி.சி.எஸ். வரித்தொகை செலவு அன்று. வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அதற்குரிய சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். காப்பீட்டில் ஜீரோ டெப்ரிசியேஷனோடு (உதிரிப்பாகத்தின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தரும் வசதி) எஞ்சின் பாதுகாப்பும் டயர் பாதுகாப்பும் சேர்ந்திருக்க வேண்டும். நிறுவன உத்தரவாதம் முடிவதற்குள் நீட்டிப்பு உத்தரவாதம் வாங்கிவிடுவது நம்மூர்க்காரர்களுக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். இவ்வண்டிகளில் ஒரு மின்னணுப் பெட்டி பழுதானால்கூட ஒரு சிறிய காரின் விலையில் கணிசமான பங்கு போய்விடும். பழைய வண்டி வாங்குவதாயின், சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனப் பணிமனையிலேயே முழு சர்வீஸ் வரலாற்றையும் பாருங்கள்; வரலாறு நடுவில் அறுந்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

டீசல் வண்டியா, பெட்ரோல் வண்டியா என்ற கேள்விக்கு, உங்கள் அன்றாட ஓட்டம் எவ்வளவு என்பதே விடை. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, பழைய பஸ் நிலையம் வரை போய், மாலையில் கோட்டைப் பக்கம் ஒரு சுற்று வருவதோடு நாள் முடிகிறது என்றால், டீசல் உங்களுக்கு உகந்ததன்று. பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்யப்பட்ட டீசல் வண்டியின் புகைக்குழாய்ப் பாதையில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. எஞ்சின் வெளியிடும் கரித்துகளை அது பிடித்து வைத்து, போதுமான அளவு சேர்ந்ததும் ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் எரித்துச் சாம்பலாக்கிவிடும். அந்த வெப்பம் வர வண்டி சீரான வேகத்தில் சற்று நேரம் ஓட வேண்டும். மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓடி நின்று, மறுபடி ஓடி நிற்கும் வண்டியில் எரிப்பு தொடங்கிப் பாதியிலேயே அறுபடும். ஒவ்வொரு முறை அறுபடும்போதும், எரிப்புக்கென்று கூடுதலாகத் தெளிக்கப்பட்ட டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறைவதைப் பற்றிக் கவலைப்படும் நாம், அது கூடியிருப்பதைக் கண்டால் நல்லது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது என்று பொருள். உடனே மாற்ற வேண்டும்.

இதற்கு நமக்குக் கையருகிலேயே மருந்து இருக்கிறது. வாரம் ஒருமுறை தேசிய நெடுஞ்சாலை 48-இல் ஏறி ஆம்பூர் வரை சென்று திரும்புங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடினால் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். வீடு வந்து சேரும்போது வண்டி நின்ற நிலையிலும் எஞ்சின் வழக்கத்தைவிட உரத்து ஓடுவது, முன்புற ஃபேன் பேரிரைச்சலுடன் சுழல்வது, சூடான வாடை அடிப்பது ஆகியவை தெரிந்தால் எரிப்பு இன்னும் முடியவில்லை; அணைக்காமல் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

டீசல் வண்டிகள் பலவற்றுக்கு, புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்க ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலும் தேவை. தூய நீரில் 32.5 சதவீத யூரியா கலந்தது அது. கேனில் ஐ.எஸ்.ஓ. 22241 என்ற குறிப்பும் தயாரிப்புத் தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். நம் வெயிலில் ஒரு விஷயம் முக்கியம்: 35 டிகிரி அளவிலான வெப்பத்தில் வைத்திருந்தால் இக்கரைசல் ஆறு மாதத்துக்கு மேல் தரத்தோடு இராது. எனவே மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்கைந்து கேன்களை வாங்கித் தகரக் கொட்டகையில் அடுக்கி வைக்காதீர்கள். எச்சரிக்கை வந்தபின்னும் நிரப்பாமல் ஓட்டி அளவு முற்றும் தீர்ந்துவிட்டால், நிறுத்திய வண்டி மீண்டும் ஸ்டார்ட் ஆகாது. தவறிப்போய் இதை டீசல் டாங்கியில் ஊற்றிவிட்டால் சாவியையே திருகக் கூடாது. இழுவை வண்டி வரவழைப்பதுதான் வழி, ஏனெனில் ஒருமுறை எஞ்சின் ஓடிவிட்டால் எரிபொருள் பம்பு முதல் இன்ஜெக்டர் வரை அனைத்தும் கெட்டுவிடும். பெட்ரோல் வண்டி வைத்திருப்போர், எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ தங்கள் வண்டிக்கு இ20 பெட்ரோல் (20 சதவீத எத்தனால் கலந்தது) ஏற்றதா என்பதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தது டயர். இது என் அனுபவத்தில் மிக அதிகமாக அலட்சியப்படுத்தப்படும் உறுப்பு. இவ்வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. காற்று போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயர் இருக்கிறது என்று சொல்லி விற்பார்கள். காற்று முழுதும் போன ரன்ஃபிளாட் டயர் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தாங்கும். வேலூரிலிருந்து அந்தக் கணக்கில் காஞ்சிபுரத்தைத் தொடலாம். சென்னையை எட்ட முடியாது. 20 அங்குல ரிம்முக்கான டயர் வழியிலுள்ள கடைகளில் கிடைப்பது அரிது என்பதால், ஸ்பேஸ் சேவர் எனப்படும் மெலிந்த மாற்றுச் சக்கரம் ஒன்றைத் தனியாகவேனும் வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் இருவருக்கு ஓர் அளவும், ஏழு பேரும் சாமான்களுமாகப் போவதற்கு வேறு அளவும் இருக்கும். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பும் அன்று இரண்டாவது அளவைப் பின்பற்றுங்கள். கத்திரி வெயிலில் வெடித்துவிடுமோ என்று அஞ்சிக் காற்றைக் குறைத்து வைப்பது நம்மூரில் பரவலான வழக்கம். அது தலைகீழான செயல். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர்தான் அதிகமாக மடங்கி, சூடேறி, கிழிகிறது. டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரே ஒரு டயரை மட்டும் புதிதாக மாற்றினால் சுற்றளவு வேறுபட்டு, முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தேயும். குறைந்தது ஒரே அச்சிலுள்ள இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் (சுருள்வில்லுக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) உள்ள வண்டியாயின், தினமும் காலையில் வண்டியை விட்டு நான்கடி தள்ளி நின்று, நான்கு சக்கர வளைவுகளின் உயரமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று ஒரு நோட்டம் விடுங்கள். ஒரு மூலை மட்டும் இரவில் இறங்கியிருந்தால் அங்கே ரப்பர் பை கசிகிறது. வண்டி எடுத்ததும் கம்ப்ரசர் அதை நிரப்பி மேலே தூக்கிவிடுவதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஓய்வின்றி ஓடிய கம்ப்ரசரும் சில மாதங்களில் எரிந்துபோகும்போது செலவு இரட்டிப்பாகிறது. பஞ்சர் கடையில் வண்டியை ஜாக்கியில் ஏற்றும் முன், வண்டி தானாக உயரத்தைச் சரிசெய்வதை நிறுத்தும் ஜாக் மோடைத் திரையில் இயக்க வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி சன்ரூஃப். இதைச் சற்று விரித்துச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டு வாசலில் வேப்பமரம் இருக்கிறது. வண்டி அதன் நிழலில்தான் நிற்கும். ஓர் ஐப்பசி மழையில் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, அவர் இருக்கையில் அமர்ந்தபடியே, “காலுக்குக் கீழே ஈரமாக இருக்கிறதே, தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டதா?” என்று கேட்டார். குனிந்து கார்ப்பெட்டை அழுத்தினேன். விரலிடுக்கில் நீர் பொங்கி வந்தது. சன்ரூஃப் கண்ணாடியின் ரப்பர் நீரை முழுதாகத் தடுப்பதில்லை. உள்ளே வரும் நீரைச் சுற்றியுள்ள வாய்க்கால் வாங்கி, நான்கு மூலைகளிலும் உள்ள துளைகள் வழியாகத் தூண்களுக்குள் ஓடும் மெல்லிய குழாய்களில் இறக்கிவிடுகிறது. சித்திரையில் உதிர்ந்த வேப்பம்பூவும் சருகும் தூசியோடு குழைந்து, முன்பக்க வலத் துளையைக் களிமண் வைத்து அடைத்ததுபோல் மூடியிருந்தன. கார்ப்பெட்டுக்கு அடியிலேயே வயர்களும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் இருக்கும் என்பதால், அன்று ஈரத்தை அம்மா சொல்லியிராவிட்டால் பாதிப்பு மிகப் பெரிதாயிருக்கும்.

அதன்பின் ஆவணியிலேயே இதைச் செய்துவிடுகிறேன். சன்ரூஃபை முழுதும் திறந்து, வாய்க்காலை ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு துளையிலும் அரை டம்ளர் நீரை மெல்ல ஊற்ற வேண்டும். முன்துளையில் விட்ட நீர் முன்சக்கரத்துக்குப் பின்னாலோ கதவுக் கீல் பக்கமோ சில நொடிகளில் சொட்ட வேண்டும். தேங்கினால், முனை மழுங்கிய தூண்டில் நரம்பைப் பக்குவமாக உள்ளே விட்டு அடைப்பை எடுக்கலாம். வாட்டர் சர்வீஸ் கடையில் கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்ச விடாதீர்கள். குழாய் உள்ளே இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால் கூரை உறையையே பிரிக்க வேண்டிவரும்.

வண்டி கழுவுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பகுதிப் போர் தண்ணீரில் பெரும்பாலும் உப்பு அதிகம். வெயிலில் நிறுத்திக் கழுவி அப்படியே காயவிட்டால், கறுப்பு வண்ணத்தில் வெண்புள்ளிகள் பதிந்துவிடும். நாள்பட்டால் பாலிஷ் போட்டாலும் போகாது. வெயில் ஏறும் முன் நிழலில் கழுவி, கடைசி வாளிக்கு மட்டும் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ பயன்படுத்தி, மைக்ரோஃபைபர் துணியால் உடனே ஒற்றி எடுங்கள்.

தோல் இருக்கைகளைப் பற்றி ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தோலின் பகை வெப்பமும் வறட்சியும் என்பதை அத்தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். ஆனால் செருப்புக்கும் பைக்கும் செய்வதைக் காருக்குச் செய்யக் கூடாது. காரின் தோல்மேல் பெரும்பாலும் மெல்லிய வண்ணப்பூச்சு இருப்பதால் தேங்காய் எண்ணெயோ ஷூ பாலிஷோ உள்ளே இறங்காமல் மேலேயே பிசுக்காக நின்று தூசியைப் பிடிக்கும். ஈரத்துணியும் கார் தோலுக்கென்று விற்கும் மிதமான கிளீனரும் போதும். மஞ்சளும் குங்குமமும் வெளிர் நிற இருக்கையில் பட்டால் அன்றே துடைத்துவிடுங்கள்.

மலைப்பயணம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எஞ்சின் பார்த்துக்கொள்ளும். இறங்கும்போதுதான் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடை முழுதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. கியரை மேனுவல் நிலைக்கு மாற்றி, இரண்டிலோ மூன்றிலோ எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும்படி விடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் குமிழியிட, பெடல் வெறுமனே உள்ளே போகும். ஆகவே கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். அதேபோல் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். இவ்வண்டிகள் பலவற்றுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நம் வெப்பத்தில் கீழ் எல்லையைக் கடைப்பிடிப்பதே நல்லது.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததைப் பார்த்தவர்களுக்கு, எப்போதும் வறண்டு கிடக்கும் ஊர் இது என்ற எண்ணம் போயிருக்கும். சுரங்கப்பாதையில் நீர் எவ்வளவு என்று தெரியாவிட்டால் இறங்காதீர்கள். நீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். உறிஞ்சப்பட்ட நீர் சிலிண்டரில் அமுங்காமல், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

இறுதியாக, சென்னைப் பணிமனைக்குப் போகும் நாளைத் திட்டமிடும் முறை. நான் டாஷ்போர்டில் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறேன். எந்தச் சத்தம், எந்த வேகத்தில், குளிர்ந்த எஞ்சினிலா சூடான எஞ்சினிலா, எந்த எச்சரிக்கை விளக்கு எந்தத் தேதியில் என்று அப்போதைக்கப்போது எழுதிவிடுவேன். விளக்கு எரிந்தால் கைபேசியில் படமும் எடுத்துக்கொள்வேன். இந்தப் பட்டியலை இரண்டு நாள் முன்பே அனுப்பினால் தேவையான உதிரிப்பாகத்தை வரவழைத்து வைத்திருப்பார்கள். பேட்டரி மாற்றினால் வண்டியின் கணினியில் அதைப் பதிவு செய்தார்களா என்று கேளுங்கள், பதியாவிட்டால் பி.எம்.டபிள்யூ. போன்ற வண்டிகளில் புதிய பேட்டரிக்கும் பழையதன் கணக்கிலேயே மின்னேற்றம் நடந்து, அதன் ஆயுள் குறையும். வண்டியை வாங்கிக்கொண்டதும் நேரே வீட்டுக்குக் கிளம்பிவிடாமல், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னதாக ஓரிடத்தில் நிறுத்தி, அடியில் ஏதேனும் சொட்டுகிறதா, சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, எழுதிக் கொடுத்த சத்தம் போயிற்றா என்று பத்து நிமிடம் பாருங்கள். அங்கிருந்து திரும்புவது அரை மணி நேர வேலை. வாலாஜா சுங்கச்சாவடியைத் தாண்டிவிட்டால் இன்னொரு நாளையே ஒதுக்க வேண்டிவரும்.