மோட்டார்ஹோமில் மின்சாரம் போனால்: மீட்டரை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

செப்டம்பர் இறுதியில் ஒருநாள், கனடாவின் அல்கோன்குயின் பூங்காவில் எங்கள் மோட்டார்ஹோமை நிறுத்தியிருந்தோம். இரவு குளிர் ஏறியபோது ஹீட்டரைப் போட்டேன். விசிறி ஓடியது, நெருப்புப் பற்றவில்லை. சற்று நேரத்தில் விசிறி நின்றது. மீண்டும் ஓடியது, மீண்டும் நின்றது. பேட்டரி போய்விட்டது என்று நானே முடிவுகட்டி, மறுநாள் ஹன்ட்ஸ்வில் நகருக்குப் போய்ப் புதிய பேட்டரி வாங்கி மாட்டினேன். அன்றிரவும் அதே கதைதான். பிறகுதான் மீட்டரை எடுத்தேன். ஹீட்டர் ஓடும்போது பேட்டரியின் முனைகளில் 12.4 வோல்ட் இருந்தது. ஃபியூஸ் பெட்டிக்கு வந்து சேர்ந்ததோ 10.3 வோல்ட். பேட்டரியின் மைனஸிலிருந்து வரும் எர்த் கம்பியை வண்டியின் சட்டகத்தோடு பிணைத்திருந்த போல்ட்டின் அடியில் துரு ஏறியிருந்தது. விசிறி போதிய வேகத்தில் சுற்றினால்தான், அந்தக் காற்று ஒரு சிறு தகட்டைத் தள்ளி, எரிவாயு வால்வு திறக்க வழிவிடும்; 10.3 வோல்ட்டில் சுற்றிய விசிறிக்கு அந்த வேகம் இல்லை. ஒரு கம்பித் தூரிகையால் பத்து நிமிடத்தில் சரிசெய்ய வேண்டிய பழுதுக்கு ஒரு பேட்டரியின் விலையைக் கொடுத்தேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்பு அளந்து பாருங்கள் என்பதற்காகவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். இதிலுள்ள எண்கள் வட அமெரிக்க வண்டிகளுக்கு உரியவை. ஐரோப்பிய வண்டிகளில் வெளி மின்சாரம் 230 வோல்ட். 12 வோல்ட் பகுதி பெரும்பாலும் இதேதான்.

முதல் படி: எந்த மின்சாரம் போயிற்று?

மோட்டார்ஹோமில் மூன்று மின்னமைப்புகள் உள்ளன. எஞ்சினைக் கிளப்புவதற்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி ஆகியவற்றுக்கு வேறொரு 12 வோல்ட் பேட்டரி அல்லது பேட்டரித் தொகுப்பு உண்டு. இதை வீட்டுப் பேட்டரி என்பார்கள். ஏர் கண்டிஷனர், மைக்ரோவேவ், சுவர் பிளக்குகள் ஆகியவை முகாமிடத்து மின்பெட்டியிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ வரும் 120 வோல்ட்டில் இயங்குகின்றன. விளக்கு எரிகிறது, மைக்ரோவேவ் மட்டும் இயங்கவில்லை என்றால் பேட்டரியைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

இவற்றுக்கு நடுவில் இருக்கும் கன்வெர்ட்டர் என்ற கருவி நம்மவர்களைக் குழப்பும். நம் ஊர் வீடுகளில் உள்ள இன்வெர்ட்டர், மின்சாரம் இருக்கும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்துவிட்டு, மின்சாரம் போனதும் பேட்டரியிலிருந்து மின்விசிறியை ஓட்டும். கன்வெர்ட்டர் முதல் பாதியை மட்டுமே செய்யும்: 120 வோல்ட்டை வாங்கி, 12 வோல்ட் கருவிகளை இயக்கி, பேட்டரியையும் சார்ஜ் செய்யும். ஆகவே இன்வெர்ட்டர் தனியாகப் பொருத்தப்படாத வண்டியில், வெளி மின்சாரம் இல்லாதபோது சுவர் பிளக்கில் மின்சாரம் வராதது பழுதல்ல.

இரண்டாம் படி: கருவிகளும் எச்சரிக்கையும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், கம்பித் தூரிகை, ஸ்பேனர், டார்ச், உதிரி ஃபியூஸ்கள், சமையல் சோடா ஆகியவை போதும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மைனஸ் இணைப்பு இருக்கும்போதே பிளஸ் முனையில் வைத்த ஸ்பேனர் சட்டகத்தில் உரசினால், பேட்டரியின் முழு மின்னோட்டமும் அந்த ஸ்பேனர் வழியாகவே பாயும். சார்ஜ் ஆகும் ஈய அமிலப் பேட்டரி ஹைட்ரஜனை வெளியிடுவதால், அதன் அருகே தீப்பொறி ஆகாது. எரிவாயு வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: கண்ணால் பார்க்க வேண்டியவை

பல வண்டிகளில் வீட்டுப் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று வாசற்படி அருகிலேயே இருக்கும். ஏறி இறங்கும்போது கையோ பையோ பட்டு அது ‘ஸ்டோர்’ நிலைக்குப் போயிருந்தால் 12 வோல்ட் கருவிகளில் பெரும்பாலானவை அடங்கிவிடும். இதை முதலில் பாருங்கள்.

அடுத்து ஃபியூஸ். தட்டை ஃபியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. அதன் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரின் கறுப்பு முனையை எர்த்தில் வைத்து, சிவப்பு முனையால் இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். ஒன்றில் மட்டும் 12 வோல்ட் காட்டினால் அந்த ஃபியூஸ் போய்விட்டது. அதே அளவு ஃபியூஸை மாட்டுங்கள். அதுவும் போனால் கம்பியில் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதற்குப் பதிலாகப் பெரிய ஃபியூஸைப் போட்டால் ஃபியூஸ் பிழைத்துக்கொள்ளும், கம்பி எரியும்.

நான்காம் படி: பேட்டரியை அளத்தல்

சார்ஜரையும் கருவிகளையும் நிறுத்தி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பின்பே அளக்க வேண்டும். சார்ஜ் செய்து முடித்த கையோடு அளந்தால் மீட்டர் பொய்யான நம்பிக்கை தரும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொடுங்கள். ஈய அமிலப் பேட்டரியில் ஏறத்தாழ 12.7 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கும் பேட்டரியின் ஆயுள் குறையும்.

மூடி திறக்கும் வகையாக இருந்தால், ஒவ்வொரு அறையிலும் தகடுகள் திரவத்தில் மூழ்கியுள்ளனவா என்று பாருங்கள். ஊரில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. தகடு வெளியே தெரிந்தால், அது மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றிவிட்டு, சார்ஜ் முடிந்த பிறகு உரிய அளவுக்கு நிரப்புங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு இந்த எண்கள் பொருந்தா. ஏறக்குறைய காலியாகும்வரை அதன் வோல்ட் 13ஐ ஒட்டியே நிற்கும் என்பதால், வோல்ட்டைப் பார்த்து மீதத்தைக் கணிக்க முடியாது. வரவு செலவைக் கணக்கிடும் தனி மானி வேண்டும். மீட்டர் திடீரென்று பூஜ்யம் காட்டினால், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்திருக்கலாம். லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜரை இணைத்தால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

ஐந்தாம் படி: சுமையோடு அளத்தல்

என் கதையைத் தீர்த்துவைத்தது இந்தப் படிதான். சும்மா இருக்கும் கம்பியில் துரு தன்னைக் காட்டிக்கொள்ளாது. மின்னோட்டம் பாயும்போதுதான் அந்த இடத்தில் வோல்ட் விழும். ஆகவே ஹீட்டர் விசிறி போன்ற பெரிய கருவி ஒன்றை ஓடவிடுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனைமீது, அதாவது கிளாம்பின்மீது அல்லாமல் ஈயக் குமிழின்மீதே வையுங்கள். மறு முனையைச் சட்டகத்தில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வையுங்கள். நல்ல இணைப்பாக இருந்தால் மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. என் வண்டியில் 1.9 காட்டியது.

அதிகமாகக் காட்டினால், சட்டகத்திலிருந்த முனையை அங்குலம் அங்குலமாகப் பேட்டரியை நோக்கிக் கொண்டுவாருங்கள்: முதலில் போல்ட், பிறகு கம்பியின் நுனி, பிறகு கிளாம்ப். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் பழுது இருக்கிறது. நான் போல்ட்டின் தலையைத் தொட்டபோது 1.8 காட்டியது, அதன் கீழிருந்த கம்பி வளையத்தைத் தொட்டபோது 0.1. பேட்டரியின் பிளஸ் முனைக்கும் ஃபியூஸ் பெட்டியின் பிளஸ் முனைக்கும் இடையிலும் இதேபோல் அளந்து பாருங்கள்.

இடம் தெரிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்தி, பேட்டரியைத் துண்டித்து, உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக மாட்டுங்கள். பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவுங்கள். அந்த நீர் பேட்டரிக்குள் போய்விடக் கூடாது.

ஆறாம் படி: சார்ஜ் ஏறுகிறதா?

வெளி மின்சாரத்தில் இணைத்துவிட்டுப் பேட்டரியை அளந்தால் 13.2 முதல் 14.4 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 12.4 என்று நின்றால், கன்வெர்ட்டரின் வெளியீட்டு முனைகளிலேயே அளந்து பாருங்கள். அங்கே 13.6 இருந்து பேட்டரிக்கு வரவில்லை என்றால், நடுவில் துண்டிப்புச் சுவிட்சோ ஃபியூஸோ தடுக்கிறது. அங்கேயே வெளியீடு இல்லை என்றால், கன்வெர்ட்டருக்குரிய 120 வோல்ட் பிரேக்கரைப் பாருங்கள். பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிட்டால் கருவியைக் காப்பதற்கென்று கன்வெர்ட்டரில் தனி ஃபியூஸ்கள் உண்டு. புதுப் பேட்டரி மாட்டிய அன்றே சார்ஜ் நின்றுபோனால் சந்தேகம் முதலில் இவற்றின்மேல் போகட்டும்.

எஞ்சின் ஓடும்போதும் வீட்டுப் பேட்டரியின் வோல்ட் 13.5ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால், இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் சாலினாய்டு என்ற மின்காந்தச் சுவிட்சின் இரு பெரிய முனைகளையும் அளந்து பாருங்கள். ஒன்றில் 14, மற்றொன்றில் 12.3 என்றால் அந்தச் சுவிட்ச் இணைப்பை ஏற்படுத்தவில்லை.

ஏழாம் படி: 120 வோல்ட் பக்கம்

இங்கே புதியவர்கள் பெட்டியைத் திறக்க வேண்டாம். முகாமிடத்து மின்பெட்டியின் பிரேக்கர், வண்டியின் பிரேக்கர்கள், குளியலறையிலோ சமையலறையிலோ உள்ள ஜிஎஃப்சிஐ பிளக்கின் (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டித்துக்கொள்ளும் பிளக்) ரீசெட் பொத்தான் ஆகியவற்றைப் பார்த்தாலே பல பழுதுகள் தீர்ந்துவிடும். வெளிப்புறப் பிளக் செத்துக் கிடப்பதற்கும் அந்தக் குளியலறைப் பொத்தானே காரணமாக இருக்கக்கூடும். 30 ஆம்பியர் இணைப்பு தருவது 3,600 வாட்தான். ஏர் கண்டிஷனர் ஏறத்தாழ 13 ஆம்பியர், மைக்ரோவேவ் இன்னொரு 13, மின்சார வெந்நீர்க் கலன் 12. மூன்றும் ஓடும்போது பிரேக்கர் விழுந்தால் அது தன் வேலையைத்தான் செய்கிறது.

வீட்டில் புதிதாக 30 ஆம்பியர் பிளக் போட்டுத்தரச் சொன்னால், அது மோட்டார்ஹோமுக்கான 120 வோல்ட் பிளக் என்று எலக்ட்ரீஷியனிடம் அழுத்திச் சொல்லுங்கள். துணி உலர்த்தியின் பிளக் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்து, வண்டியின் கருவிகள் ஒருசேரக் கருகிய நிகழ்வுகள் உண்டு.

எட்டாம் படி: நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்குகிறதா?

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் கேஸ் டிடெக்டர், ரேடியோ நினைவகம், குளிர்சாதனப் பெட்டியின் பலகை ஆகியவை சிறிது மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். மொத்தம் அரை ஆம்பியர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 12 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணிப் பேட்டரி நான்கே நாளில் பாதியாகிவிடும். காலியான ஈயப் பேட்டரி மைனஸ் 7 டிகிரியை ஒட்டியே உறையத் தொடங்கும் என்பதால், கனடாக் குளிர்காலத்தில் இது பேட்டரியைப் பிளந்தும்விடும். உறைந்த பேட்டரியைச் சார்ஜ் செய்ய முயலாதீர்கள்.

அளப்பதற்கு மீட்டரின் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். அந்த நேரத்தில் ஹீட்டர், பம்ப் எதையும் போட்டுவிடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஒரு ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எதை உருவும்போது எண் விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் திருடன் இருக்கிறான். பெரும்பாலும் அது சாமான் அறைக்குள் அணைக்க மறந்த ஒரு விளக்காக இருக்கும்.