சிறு அறுவைக்குப் பின் சீழ் வைத்தால்: கோடிங் செய்யும் முறை

கிளினிக்கிலேயே முதுகுக் கட்டி அகற்றப்பட்ட ஒருவர், ஏழாம் நாள் தையல் சிவந்து சீழ் வடிய, அதே மருத்துவரிடம் திரும்பி வருகிறார். அமெரிக்க சார்ட்டில் (மருத்துவப் பதிவில்) இதைக் கோடிங் செய்பவர், அதாவது நோயையும் சிகிச்சையையும் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றுபவர், நோய்க்குறியீட்டைத் தேடும் முன் தேதிகளைப் பார்க்க வேண்டும்.

சாதாரணக் கட்டியை ஓரத்தோடு சேர்த்து 1.5 செ.மீ. அளவில் அகற்றியிருந்தால் சிபிடி (சிகிச்சைகளுக்கான குறியீட்டுத் தொகுப்பு) 11402; மெடிகேரில் (முதியோர் முதலானோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) அதற்குக் குளோபல் காலம், அதாவது பின்கவனிப்பும் அறுவைக் கட்டணத்திலேயே அடங்கும் காலம், 10 நாள். அறுவை நாளைச் சேர்க்காமல் எண்ணுவதால், மார்ச் 3 அன்று செய்த அறுவைக்கு மார்ச் 13 வரை அது நீடிக்கும். பரிசோதனைக்காகத் தோலில் சிறு துண்டை எடுக்கும் பஞ்ச் பயாப்சிக்கு (11104) குளோபல் காலம் 0 நாள் என்பதால், மறுநாள் வரும் சிக்கலைத் தனியாகவே பில் செய்யலாம்.

மார்ச் 10 அன்று மருத்துவர் கிளினிக் அறையிலேயே காயத்தைத் திறந்து சீழை வெளியேற்றினால் மெடிகேர் தனியாகப் பணம் தராது. ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்ப நேர்ந்தால் மட்டுமே தரும், சிறு சிகிச்சை அறையை அது தியேட்டராக ஏற்பதுமில்லை. எனவே அந்த விசிட்டைக் கட்டணமில்லாத 99024 என்று பதிவு செய்ய வேண்டும். இங்கே மாடிஃபையர் (குறியீட்டோடு சேர்க்கும் கூடுதல் எண்) 24 போட்டு விசிட் கட்டணம் கேட்பது பலர் செய்யும் பிழை. அது அறுவையோடு தொடர்பில்லாத விசிட்டுக்கு உரியது. தியேட்டரில் வைத்துச் சிக்கலான முறையில் சீழை அகற்றினால் 10180உடன் மாடிஃபையர் 78 சேர்க்கலாம். அறுவைக்குரிய பங்கு மட்டும் கிடைக்கும், புதிய குளோபல் காலம் தொடங்காது. சிபிடி வரையறையோ வழக்கமான பின்கவனிப்பை மட்டுமே தொகுப்பில் அடக்குகிறது; ஆகவே தனியார் காப்பீடாக இருந்தால் அந்நிறுவனத்தின் விதியைப் படித்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

பணம் வந்தாலும் வராவிட்டாலும் நோய்க்குறியீடு சரியாக இருக்க வேண்டும். மேலோட்டமான தொற்றுக்கு T81.41XA, ஆழமான தொற்றுக்கு T81.42XA. 2018 அக்டோபரில் வந்த இந்தப் பிரிவுக்குப் பின், ஆழத்தை மருத்துவர் எழுதாமல் நாம் ஊகிக்க இடமில்லை. எம்ஆர்எஸ்ஏ (பல ஆண்டிபயாடிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியா) கிருமி உறுதியானால் B95.62 சேர்க்க வேண்டும். கட்டி அகற்றி முடிந்துவிட்டதே என்று குறியீட்டின் ஏழாம் எழுத்தை 'D' (குணமாகும் காலத் தொடர் பராமரிப்பு) ஆக்கிவிடக் கூடாது. தொற்றுக்குத் தீவிர சிகிச்சை நடக்கும்வரை 'A' தான்.

மருத்துவர் 'காம்ப்ளிகேஷன்' என்ற சொல்லை எழுத வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் அறுவையால் வந்தது என்பது குறிப்பில் தெளிவாகத் தெரிய வேண்டும். "தையலைச் சுற்றி லேசான சிவப்பு" என்று மட்டும் இருந்தால் T81 போடாமல் மருத்துவருக்குக் குவெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்ப வேண்டும், அதிலும் "இது அறுவைக் காயத் தொற்றுதானே?" என்று பதிலைத் திணிக்காமல், "இந்தச் சிவப்புக்கான காரணத்தையும் மருத்துவ முக்கியத்துவத்தையும் குறிப்பிடவும்" என்று கேட்பதே முறை.