எலிக்கு மூட்டுவாதம் சரியாச்சுன்னு சொல்ற பேப்பர எப்படி படிக்கிறது

"இந்த மூலிகை மூட்டுவாதத்த குணப்படுத்துதுன்னு ஆராய்ச்சியிலயே நிரூபிச்சுட்டாங்க"ன்னு யாராச்சும் லிங்க் அனுப்பினா மேல இருக்கற சுருக்கத்தோட நிறுத்திடாதீங்க, நேரா மெத்தட்ஸ் பகுதிக்குப் போங்க (ஆராய்ச்சிய எப்படி செஞ்சாங்கன்னு சொல்ற பகுதி), விஷயமே அங்கதான் இருக்கு.

முதல்ல நோய எப்படி வரவச்சாங்கன்னு பாருங்க. பெரும்பாலும் எலியோட பின்னங்கால் பாதத்துல 0.1 மிலி ஃப்ராய்ண்ட் அட்ஜுவன்ட் ஏத்துவாங்க, அது சூடாக்கிக் கொன்ன காசநோய்க் கிருமிய எண்ணெய்ல கலந்தது. ஊசி போட்ட கால் உடனே வீங்கிடும், ஆனா ஊசியே போடாத அடுத்த கால் வீங்க பத்து நாளுக்கு மேல ஆகும், உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டத் தாக்குற கட்டம் அதுதான். அந்த ரெண்டாவது கால அளக்கவே இல்லன்னா பாதிக் கதைதான் சொல்லியிருக்காங்கன்னு வச்சுக்கோங்க.

அப்புறம் எலிக்கு மூலிகைச் சாறு குடுக்க எந்த நாள்ல ஆரம்பிச்சாங்க? என்னக் கேட்டா இதுதான் முக்கியமான வரி. ஊசி போட்ட அன்னைக்கோ அதுக்கு முன்னாடியோ ஆரம்பிச்சிருந்தா அது நோய் வராம தடுக்கற டெஸ்ட், ஆனா டாக்டர்கிட்ட போறவங்க எல்லாம் ஏற்கனவே வீங்கின மூட்டோடதானே போறாங்க. 14ஆம் நாளுக்கு மேல ஆரம்பிச்சும் வீக்கம் இறங்குச்சுன்னா மதிப்பு ஜாஸ்தி.

இப்ப ஆன்டிஆக்சிடன்ட் டேபிளுக்கு வாங்க, அதாவது செல்ல சேதப்படுத்தற ஃப்ரீ ராடிக்கல்ங்கற மூலக்கூறுகள அடக்கற பொருட்களோட அளவு இருக்கற டேபிள். கிட்டத்தட்ட எல்லா பேப்பர்லயும் ஒரே கததான், நோய் வந்த எலிக்கு எம்டிஏ (ஃப்ரீ ராடிக்கல் கொழுப்ப சேதப்படுத்தும்போது வர்ற பொருள்) ஏறியிருக்கும், உடம்போட சொந்த ஆன்டிஆக்சிடன்ட்டான எஸ்ஓடி, கேட்டலேஸ், குளூட்டாதயோன் எல்லாம் இறங்கியிருக்கும், சாறு குடுத்ததும் அப்படியே திரும்பும். உடனே "சாறு ஃப்ரீ ராடிக்கல அழிச்சிடுச்சு"ன்னு எழுதிடுவாங்க. அங்கதான் ஒரு நிமிஷம் நிக்கணும், ஏன்னா வீங்கின மூட்டுல ஃப்ரீ ராடிக்கல கொட்டுறதே அங்க வந்து குவியற வெள்ளை அணுக்கள்தான், வேற எந்த வழியில அழற்சி குறைஞ்சாலும் அணுக்கள் வர்றது குறையும், எம்டிஏவும் தானா இறங்கும். அதனால அதே டேபிள்ல இண்டோமெதசினோ டைக்ளோஃபெனாக்கோ (வழக்கமான அழற்சி மாத்திரைங்க) குடுத்த குரூப் வரிசையப் பாருங்க, அதுலயும் அதே அளவுக்கு மாறியிருந்தா இது ஆன்டிஆக்சிடன்ட் வேலைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

எம்டிஏ அளக்கற முறையும் கொஞ்சம் லொள்ளு பிடிச்சதுதான். தயோபார்பிட்யூரிக் அமிலம் சேத்து சூடாக்கினா ரோஸ் கலர் வரும், அத 532 நானோமீட்டர்ல படிப்பாங்க, ஆனா வேற ஆல்டிஹைடுகளும் அந்த கலரத் தரும். ரத்த சாம்பிள்ல சிவப்பணு உடைஞ்சிருந்தா கேட்டலேஸ் அளவே கெட்டுடும், ஏன்னா அது சிவப்பணுக்குள்ளதான் நிறைய இருக்கு. மூட்டுத் திசுவுலேர்ந்தே எடுத்து அளந்திருந்தா இன்னும் நல்லது.

டிபிபிஎச் டெஸ்ட்டுன்னு ஒன்னு போட்டிருப்பாங்க, சாறு ஃப்ரீ ராடிக்கல எவ்ளோ அழிக்குதுன்னு பாக்கறது, ஆனா அது டெஸ்ட் டியூப்ல நடக்கற ரசாயனம், குடல் வழியா ரத்தத்துல எவ்ளோ சேரும்னு அது சொல்லாது. வேகமாத் தாண்டிடலாம்.

கடைசியா டோஸ். எலிக்கு கிலோவுக்கு 200 மிகின்னா 6.2ஆல வகுங்க (எலி டோஸ மனுஷ டோஸா மாத்தற வழக்கமான எண்), மனுஷனுக்கு கிலோவுக்கு 32 மிகி வரும், 60 கிலோ ஆளுக்கு தினமும் 1.9 கிராம் சாறுப் பொடி, காஞ்ச இலையிலேர்ந்து பத்துல ஒரு பங்குதான் சாறா கிடைக்குதுன்னா 19 கிராம் இலை. இது பேப்பர எடை போடறதுக்கான கணக்கு, குடிக்கறதுக்கான அளவு இல்ல, அதுவும் அவங்க எத்தனால்ல எடுத்த சாறும் நீங்க தண்ணில கொதிக்க வைக்கற கஷாயமும் ஒன்னே இல்ல. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுக்கறவங்க எந்த மூலிகையையும் டாக்டர்கிட்ட சொல்லாம சேக்காதீங்க, அந்த மாத்திரைக்காக கல்லீரல அடிக்கடி செக் பண்ணிட்டு இருக்கும்போது கூட இன்னொன்னு போனா எதால கல்லீரல் டெஸ்ட் எண் ஏறுச்சுன்னே தெரியாம போயிடும்.