குறுங்காணொளிக் கதை எழுத்தைக் கற்பிப்போர் செய்யும் தவறுகள்

சமூக ஊடகக் குறுங்காணொளிகளுக்காக இளைஞர்களுக்கு நடத்தப்படும் பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலானவை ‘ஹூக்’ என்பதிலிருந்துதான் தொடங்குகின்றன. முதல் மூன்று நொடிகளுக்குள் பார்வையாளரைப் பிடித்து நிறுத்தாவிட்டால் அவருடைய விரல் அடுத்த காணொளிக்குப் போய்விடும் என்பது முதல் பாடமாகச் சொல்லப்படுகிறது. அந்த அறிவுரை பொய்யல்ல. எத்தனை பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள் என்பதை யூடியூப் தன் ஷார்ட்ஸ் புள்ளிவிவரத்தில் தனி விகிதமாகவே காட்டுகிறது. தவறு, அதை முதலில் கற்பிப்பதில் இருக்கிறது. என்ன சொல்லப்போகிறோம் என்று தெளிவதற்கு முன்பே எப்படி நிறுத்துவது என்று கற்றுக்கொண்ட மாணவர், “இதைப் பார்த்தா நம்பவே மாட்டீங்க” என்று தொடங்கிவிட்டு, நம்புவதற்கு எந்தச் சிரமமும் இல்லாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறார். தொடக்க வரி ஒரு வாக்குறுதி. முடிவில் எதைக் கொடுக்கப்போகிறோம் என்று தெரியாமல் அதை எழுத இயலாது. ஆகவே கடைசிக் காட்சியை முதலிலும் முதல் வரியைக் கடைசியிலும் எழுதச் சொல்வதே, என் பார்வையில், இந்தப் பாடத்துக்குரிய வரிசை.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வீட்டில் பழுதாகிக் கிடந்த ரேடியோவைத் தானே சரிசெய்ததைப் பற்றி ஒரு மாணவி காணொளி எடுக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: “ஹாய் ஃபிரெண்ட்ஸ், இன்னைக்கு வீடியோல ஒரு பழைய ரேடியோவ நான் எப்படி ரிப்பேர் பண்ணேன்னு பார்க்கப்போறோம்.” அதன்பின் பின்மூடியைக் கழற்றியது, உள்ளே அறுந்திருந்த ஒயரைக் கண்டுபிடித்தது, சால்டரிங் செய்தது, மூடியது, பாட்டு வந்தது என்று செய்ததெல்லாம் செய்த வரிசையிலேயே வரும். எந்த வரியிலும் பிழையில்லை. ஆனால் எந்த இடத்திலும் பார்ப்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழுவதில்லை. இந்த நிலையில் பயிற்றுநர் ஒரு கவர்ச்சியான தொடக்க வரியைக் கொடுத்து மேலே ஒட்டச் சொன்னால், மூன்று நொடிகள் மாறும். மிச்சம் ஐம்பது நொடிகளும் இருந்தபடியேதான் இருக்கும். மாணவியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் பெட்டி பாடியபோது அறையில் யார் இருந்தார்கள்? அப்பா இருந்தார். அதைத் தூக்கிப் போடச் சொன்னவரும் அவர்தான். பாட்டு வந்ததும் ஒன்றும் பேசாமல் வந்து, வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுப் போனார். முடிவு இங்கே கிடைத்துவிட்டது. வால்யூமைத் திருகும் அந்தக் கைதான் கடைசிக் காட்சி என்றால், முதல் வரி அதிகம் தேடாமலேயே வந்துவிடும்: “அப்பா இதக் குப்பையில போடச் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்.” ஒரு விருப்பம், அதற்கு எதிரே ஒருவர், ஒரு கெடு ஆகிய மூன்றும் இந்த இரண்டு வரிகளுக்குள் அமைந்துவிட்டன.

இதையொட்டிய இன்னொரு தவறு, தலைப்பைக் கதை என்று ஏற்றுக்கொள்வது. “உன் கதை என்ன?” என்று கேட்டால் “நட்பு”, “தோல்வி பயம்”, “சுற்றுச்சூழல்” என்று மாணவர்கள் சொல்வார்கள், பயிற்றுநரும் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, முடிவில் எது மாறியிருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாதவரை அது தலைப்பாகத்தான் நிற்கும். இவ்வளவும் ஒரு நிமிடத்தில் அடங்குமா என்று ஐயப்படுகிறவர்களுக்கு, 1895இல் லூமியேர் சகோதரர்கள் திரையிட்ட தோட்டக்காரர் படத்தைப் போட்டுக் காட்டலாம். தோட்டக்காரர் ரப்பர் குழாயால் நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். பின்னால் வரும் சிறுவன் குழாயை மிதிக்கிறான். நீர் ஏன் நின்றது என்று அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கும்போது அவன் காலை எடுத்துவிடுகிறான். முகமெல்லாம் நீர் பீய்ச்சியடிக்க, அவர் துரத்திப் பிடித்துப் பின்புறத்தில் நான்கு அடி வைக்கிறார். ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்தப் படத்தில் கேமரா அசைவதில்லை, ஒலி இல்லை, வசனமும் இல்லை. எந்தக் கணத்தில் சிரிக்கத் தயாரானீர்கள் என்று வகுப்பில் கேட்டுப்பாருங்கள். நீர் பீய்ச்சியடித்த கணத்தை விட, அவர் குழாய்க்குள் குனிந்து பார்த்த கணத்தையே பலரும் சொல்லக்கூடும், ஏனெனில் அவருக்குத் தெரியாத ஒன்று அப்போது நமக்குத் தெரிந்திருக்கிறது. பார்ப்பவருக்கு எதை எப்போது தெரிவிப்பது என்ற முடிவுதான் திரைக்கதை எழுத்தின் பாதி வேலை; அதைப் பேசாமல் ‘அறிமுகம், சிக்கல், தீர்வு’ என்ற கட்டங்களைப் பலகையில் வரைந்துவிட்டு நகர்வதில் பெரிய பயன் இல்லை.

நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றனவா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்க அனிமேஷன் தொடர் எழுத்தாளர்களான ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் பல்கலைக்கழக மாணவர்களிடம் விளக்கியபின் அது பரவலாக அறியப்பட்டது. இரண்டு காட்சிகளுக்கு நடுவே ‘பிறகு’ என்ற சொல் மட்டுமே பொருந்தினால் அந்த இணைப்பு பலவீனமானது. ‘அதனால்’ என்றோ ‘ஆனால்’ என்றோ பொருந்தினால் கதை நகர்கிறது. வரைவின் ஓரத்தில் இந்தச் சொற்களை மாணவரே பென்சிலால் எழுதிப் பார்த்தால், எந்தெந்தக் காட்சிகளை எடுத்துவிட்டால் நட்டமில்லை என்பது அவருக்கே புலப்படும்.

தமிழில் கற்பிக்கிறவர்கள் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. அதைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படுவதில்லை என்று நினைக்கிறேன். பேச்சுத் தமிழில் சொல்லப்போகும் காணொளிக்கு எழுத்துத் தமிழில் ஸ்கிரிப்ட் எழுத வைக்கிறோம். தேர்வுத்தாள் எழுதிய பழக்கத்தில் மாணவர் “நான் மிகவும் ஏமாற்றமடைந்தேன்” என்று எழுதிவிடுகிறார். கேமரா முன்னால் நின்றதும் அதை “எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு” என்று வாய்க்குள்ளேயே மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் கண் மேலே போகிறது, குரல் ஒப்பிக்கும் தொனிக்கு மாறுகிறது, ஒரே வரிக்கு டேக் மேல் டேக் போகிறது. கடைசியில் ‘இவருக்கு நடிக்க வராது’ என்ற தீர்ப்பு கிடைக்கிறது. குற்றம் நடிப்பில் இல்லை, தாளில் இருக்கிறது. கதையை முதலில் ஒரு நண்பரிடம் சொல்லச் சொல்லி, அதை ஃபோனில் பதிவுசெய்து, பேசியது பேசியபடியே எழுதி, அதன்பின் வெட்டிச் சுருக்கினால் அந்தந்த மாணவரின் சொற்களும் மூச்சு விடும் இடங்களும் தப்பிப் பிழைக்கும். நீளத்தைக் கணக்கிடும்போதும் இதே கவனம் வேண்டும். ஆங்கிலப் பயிற்சிக் குறிப்புகளில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் என்றொரு கணக்கு அடிக்கடி வரும். ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்காக’ என்பது ஒரே சொல்லாக நிற்கும் மொழிக்கு அந்த எண்ணிக்கையை அப்படியே பொருத்தினால், ஸ்கிரிப்ட் நேரத்தைத் தாண்டி ஓடும். ஸ்டாப்வாட்ச்சை வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதைத் தவிர நம்பத்தக்க வழி வேறில்லை.

படம் காட்டுவதையே வாய் திரும்பச் சொல்வது மற்றொரு பரவலான குறை. மழையில் நனைந்தபடி ஒருவர் நடந்து வரும் காட்சியின் மேல் “அன்னைக்கு நல்ல மழை, நான் நனைஞ்சுக்கிட்டே வந்தேன்” என்று குரல் ஓடினால் இரண்டில் ஒன்று வீண். வசனத்தை மட்டும் எழுதச் சொல்லித் திருத்துகிற வகுப்புகளில் இது கண்ணில் படவே படாது. தாளை நெடுவாக்கில் இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் காண்பதையும் வலப்பக்கம் கேட்பதையும் எழுதும் பழைய தொலைக்காட்சி முறை இதற்கு இன்றும் உதவுகிறது. குறுங்காணொளிக்கு அதில் மூன்றாவதாக ஒரு பத்தியும் சேர்க்கலாம்: திரையில் தோன்றும் எழுத்து. ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்களுக்கு அந்த எழுத்துதான் குரல். 9:16 அளவிலான நெடுஞ்சட்டத்தின் அடிப்பகுதியைத் தலைப்பு வரிகளும் வலது ஓரத்தை விருப்பம், பகிர்வு முதலிய பொத்தான்களும் மறைத்துவிடுவதால், முக்கியமான சொல்லையோ பொருளையோ அங்கே வைக்கக் கூடாது என்பதையும் எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். எடிட்டிங் மேசைக்கு வந்தபின் அதைச் சரிசெய்வது கடினம்.

“30 நொடிதான் சரியான நீளம்” என்பது போன்ற விதிகளைக் கற்பிப்பதும் வேண்டாம். 2013இல் வந்த வைன் என்ற குறுங்காணொளிச் செயலி ஆறு நொடிகளை மட்டுமே அனுமதித்தது. 2020இல் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் 15 நொடிகளோடு தொடங்கியது. 2024 அக்டோபரில் யூடியூப் ஷார்ட்ஸின் வரம்பு மூன்று நிமிடங்களுக்கு உயர்ந்தது. எல்லைகளை நிறுவனங்கள் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. ரேடியோக் கதை நாற்பது நொடிகளில் முடிந்தால் நாற்பதுதான் அதன் நீளம்.

மதிப்பீட்டில் நடக்கும் தவறு இவை எல்லாவற்றையும் விடக் கெடுதலானது. யாருடைய காணொளியை அதிகம் பேர் பார்த்தார்களோ அவரே வகுப்பில் முதல் மாணவர் என்று ஆக்கினால், அடுத்த வாரம் எல்லோரும் அவரைப் போலவே எழுதுவார்கள். போதாக்குறைக்கு அந்த எண்ணிக்கையின் பொருளே நிலையானதல்ல. 2025 மார்ச் 31 முதல் யூடியூப், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, அல்லது மறுபடி ஓடினாலே, அதை ஒரு பார்வையாகக் கணக்கிடுகிறது. குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஒரே காணொளிக்கு முந்தைய நாளும் மறுநாளும் வெவ்வேறு மதிப்பெண் கிடைத்திருக்கும் என்றால் அதை வைத்து யாரைத் தேறியவர் என்பது? புள்ளிவிவரத்தில் ஆசிரியருக்குப் பயன்படுவது, பார்வையாளர்கள் எந்த நொடியில் விலகினார்கள் என்று காட்டும் வரைகோடுதான். அந்தக் கோடு சரியும் நொடியை ஸ்கிரிப்டில் தேடி, அங்கே எந்த வரி இருக்கிறது என்று மாணவரையே பார்க்கச் சொல்லலாம். கேள்விக்கு விடை முன்கூட்டியே கிடைத்துவிட்ட வரி அல்லது ஏற்கெனவே சொன்னதை மறுபடி சொன்ன வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதைத் திருத்துவதும் மாணவரின் கையாலேயே நடக்க வேண்டும். பயிற்றுநர் நல்ல நோக்கத்தோடு வரிகளைத் தாமே மாற்றி எழுதிக் கொடுத்தால், வகுப்பிலிருந்து வெளிவரும் எல்லாக் காணொளிகளும் ஒரே குரலில் பேசும்.

‘உன் வலியைச் சொல், அதுதான் மனத்தைத் தொடும்’ என்ற தூண்டுதலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதினைந்து வயது மாணவர் தன் பெற்றோர் பிரிந்த கதையை நன்றாகவே எழுதக்கூடும், வகுப்பும் கைதட்டும். ஆனால் தாளில் எழுதுவதற்கும் முன்பின் தெரியாதவர்கள் தரவிறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய இடத்தில் வெளியிடுவதற்கும் இடைவெளி பெரியது; பின்னால் அழித்தாலும் பிரதிகள் எங்கோ இருக்கும். எழுதத் தடை போட வேண்டியதில்லை. கதையில் வருகிறவர்களின் ஒப்புதல் கிடைக்கும் வரை வெளியிடுவதைத் தள்ளிவைத்தால் போதும், அல்லது ஆளையும் இடத்தையும் மாற்றிப் புனைவாக எழுதச் சொல்லலாம். டிக்டாக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் கணக்குத் தொடங்கக் குறைந்தபட்சம் 13 வயது என்று வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் அதை 16 ஆக உயர்த்திச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. அந்தந்த நாட்டின் வயது வரம்புக்குக் கீழ் உள்ளவர்கள் வகுப்பில் இருந்தால், எங்கும் பதிவேற்றாமல் வகுப்பறைத் திரையில் மட்டும் போட்டுக் காட்டலாம். எழுத்துப் பயிற்சிக்கு அதனால் எந்தக் குறையும் வராது. சொல்லப்போனால், எண்ணிக்கை பார்க்கும் பதற்றம் இல்லாத இடத்தில் மாணவர்கள் தங்கள் வரைவை வெட்டவும் மறுபடி எழுதவும் அவ்வளவாகத் தயங்குவதில்லை.