கணக்காய்வு அறிக்கையை எங்கிருந்து படிப்பது?

மலேசிய அரசாங்கத்தின் கணக்காய்வு அறிக்கையை வைத்து 'இத்தனை மில்லியன் வெள்ளி வீண்' என்று நாளிதழில் தலைப்பு வந்தால் போதும், எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் தே தாரிக் ஆறுவதற்குள் யார் சுருட்டினார் என்று தீர்ப்பே வந்துவிடும். அறிக்கையைத் திறந்து பார்த்த ஆள் ஒருவர்கூட அங்கே இருக்கமாட்டார். இத்தனைக்கும் அது தேசியக் கணக்காய்வுத் துறையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. மலாய்மொழி தடுமாறினால் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எழுதியவர் யார் என்று தெரிய வேண்டும். தலைமைக் கணக்காய்வாளரை நியமிப்பவர் மாமன்னர். பிரதமர் ஆலோசனை சொல்வார், மாநில சுல்தான்கள் கூடும் ஆட்சியாளர் மாநாட்டையும் கலந்துகொள்வார்கள். கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை எப்படி நீக்க முடியுமோ, அப்படித்தான் இவரையும் நீக்க முடியும். அரசியலமைப்பின் 105ஆவது பிரிவு இது. அமைச்சைக் குறை சொல்லி எழுதிவிட்டு மறுநாளும் அலுவலகம் வர அவருக்குத் தைரியம் இருப்பது இதனால்தான். ஆனால் எழுதுவது வேறு, வெளியே விடுவது வேறு. அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி பற்றிய கணக்காய்வு அறிக்கை 2016இல் அரசாங்க இரகசியமாகப் பூட்டப்பட்டது. 2018இல் ஆட்சி மாறிய பிறகுதான் நம் கண்ணில் பட்டது.

அடுத்து, எந்த வகை அறிக்கை என்று பாருங்கள். இலாகாவின் நிதிக் கணக்கு சரி என்று சான்று கொடுத்திருந்தால், வரவு செலவு ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது என்றுதான் பொருள். அந்தப் பணத்தில் நல்லது நடந்ததா என்பது அதில் இராது. நான் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் இருப்பதும், ஆள் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்து நிற்பதும் ஒன்றல்ல என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆளை எண்ணிப் பார்க்கிற வேலையைச் செய்வது செயல்திறன் கணக்காய்வு. நமக்கு வேண்டியதும் அதுதான்.

அதை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், தூக்கம் வந்துவிடும். 'ஸ்கோப்' என்ற பகுதிக்குப் போங்கள். எந்த ஆண்டுகள், எந்த மாவட்டங்கள், எத்தனை திட்டங்களை நேரில் பார்த்தார்கள் என்று அங்கே இருக்கும். எல்லா இடத்துக்கும் போக முடியாது, மாதிரிக்குச் சிலவற்றைத்தான் எடுப்பார்கள். நம் ஊர் பேர் இல்லை என்றால் நம் ஊர் சுத்தம் என்று ஆகிவிடாது.

அப்புறம் தொகைகள். இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு கிளினிக் கட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிகாரி கையெழுத்து இல்லாமல் குத்தகையாளருக்குப் பணம் போனால் அது முறையற்ற கட்டணம். வேலை ஒழுங்காகவே முடிந்திருக்கலாம். வாங்கிய கருவி பெட்டியைவிட்டு வெளியே வராமலே கிடந்தால் வீண்செலவு. செய்யாத வேலைக்குப் பணம் கொடுத்து அது திரும்பி வராவிட்டால் நட்டம். மூன்றையும் கூட்டி 'கொள்ளை' என்று பேசுகிறவர், உண்மையான கொள்ளைக்காரனுக்குத்தான் உதவி செய்கிறார்.

'மக்லும் பாலாஸ்' என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். குற்றச்சாட்டுக்கு இலாகா கொடுத்த பதில் அதில் இருக்கும். என்னைக் கேட்டால் அறிக்கையிலேயே ருசியான பகுதி இதுதான். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று மட்டும் எழுதியிருந்தால் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். எந்த மாதத்துக்குள், யார், எவ்வளவு என்று எழுதியிருந்தால் அது பதில்.

கோடு போட்டதைக் கேள்வியாக்கி, இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அறிக்கையின் ஆண்டு, பத்தி எண், இலாகா சொன்ன பதில், 'இன்றைய நிலை என்ன?' அவ்வளவு போதும், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கூட்டரசு இலாகா என்றால் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல். மாநிலக் கணக்கின் அறிக்கை சட்டமன்றத்தில் தாக்கலாகும். பேராக்கில் அது ஈப்போவில் என்பதால் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். அமைச்சர்கள் அதில் உறுப்பினராக முடியாது.

லஞ்சம் கைமாறியதற்கு ஆதாரம் இருந்தால் இதெல்லாம் சுற்றுவழி, நேராக ஊழல் தடுப்பு ஆணையத்துக்குப் போங்கள். கணக்காய்வாளர் யார்மீதும் வழக்குப் போடமாட்டார். கடிதத்தை நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வராதீர்கள். 'கடிதமே கிடைக்கவில்லை' என்று யாராவது சொன்னால் எடுத்துக் காட்ட வேண்டியது அதைத்தான்.