படுவான்கரைக்கும் போகவேண்டும், பணமும் மிஞ்சவேண்டும்: சிறு நிறுவனத்துக்குக் கார் வாங்கும் முறை

மட்டக்களப்பு கல்லடியில் நீர்ப்பம்பியும் விதைநெல்லும் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். எங்கள் முதல் வாகனத்தை வாங்கியபோது விலையை மட்டும்தான் பார்த்தோம். சந்தை விலையைவிட மூன்று இலட்சம் குறைவு என்று மகிழ்ந்து ஒரு பழைய டீசல் வானை எடுத்தோம். இரண்டு ஆண்டு கழித்துப் பற்றுச்சீட்டுகளைக் கூட்டியபோது திருத்த வேலைக்கு மட்டும் ஏழு இலட்சத்துக்கு மேல் போயிருந்தது. வான் கராஜில் நின்ற நாட்களுக்கு வாடகை வாகனம் பிடித்த காசு அதில் சேரவில்லை.

அதன் பிறகு வாங்கிய இரண்டு வாகனங்களுக்கும் நான் பின்பற்றிய முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நிறுவனத்துக்கு முதன்முதலாகக் கார் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாகனத்தைப் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

படி 1: ஒரு கொப்பி வாங்குங்கள்

காரைப் பார்க்கப் போவதற்கு முன், உங்கள் நிறுவனம் எங்கெங்கே போகிறது என்பதை ஒரு மாதம் எழுதுங்கள். இப்போது ஓட்டோவிலோ வாடகை வானிலோ போனாலும் எழுதுங்கள். திகதி, போன இடம், கிலோமீற்றர், எத்தனை பேர், என்ன பொருள், பாதை எப்படி. இந்த ஆறும் போதும்.

எங்கள் கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "செவ்வாய். கல்லடி, மண்முனைப் பாலம், கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, அதே வழியில் திரும்பியது. 2 பேர், 3 பம்பி. கடைசிப் பகுதி கிரவல் பாதை, பள்ளம்." இந்த நான்கு வரியில் எவ்வளவு விடயம் இருக்கிறது பாருங்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டதால் அந்தத் துறையில் பாதை எனப்படும் படகுக்காகக் காத்திருக்கும் வேலை இல்லாமல் போனது. வாவியின் கடற்கரைப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்குக் கார் நேரே போகிறது. ஆனால் தார் முடிந்தபின் வரும் கிரவலில் அடிப்பகுதி தாழ்ந்த கார் இடிபடும். மூன்று பம்பி ஏற்றினால் சிறிய காரின் பின்பக்கம் இன்னும் தாழும்.

முடிந்தால் எழுதும் மாதத்தை ஐப்பசி, கார்த்திகையில் வையுங்கள். பெரும்போக விதைப்பும் மழையும் ஒன்றாக வரும் காலம் அது. கிரான் பக்கத்தில் வெள்ளம் பாதையை மூடும் நாட்களும் அப்போதுதான் வரும். வைகாசியில் எழுதிய கொப்பியை நம்பிக் கார் வாங்கியவருக்குக் கார்த்திகையில் அந்தக் கார் உதவாமல் போகலாம். மழைக்காலம் வரை காத்திருக்க நேரமில்லை என்றால், போன ஆண்டு மழையில் எந்தெந்தப் பயணம் தடைப்பட்டது என்று சாரதியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாத முடிவில் மொத்தக் கிலோமீற்றரைக் கூட்டி ஓரிடத்தில் எழுதி வையுங்கள். மூன்றாம் படியில் அது வேண்டும்.

படி 2: வகையைத் தீர்மானியுங்கள்

கொப்பியைப் பார்த்தாலே வகை பாதி தெரிந்துவிடும்.

பெரும்பாலும் ஒருவர் இருவர் மட்டும் மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கடற்கரைப் பாதையில் போய்வருகிறார்கள் என்றால், 660 சிசிக்குட்பட்ட வேகன் ஆர் போன்ற சிறிய கார் போதும். உதிரிப் பாகம் எளிதாகக் கிடைக்கும். விற்கப் போனாலும் வாங்க ஆள் இருக்கும். மாதம் பலமுறை கொழும்புக்குப் போகவேண்டியிருந்தால், போக மட்டுமே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் என்பதால், பெற்றோலோடு மின் மோட்டாராலும் ஓடும் அக்குவா அல்லது அக்சியோ ஹைபிரிட் உடம்புக்கும் எரிபொருளுக்கும் நல்லது.

வாரத்தில் மூன்று நாளாவது பொருள் ஏற்றுகிறீர்கள் என்றால் தயவுசெய்து கார் வாங்காதீர்கள். காரின் பின் இருக்கையை மடித்து மூட்டை ஏற்றுவது, காரையும் கெடுத்துப் பொருளையும் கெடுக்கும். பட்டா எனப்படும் சிறிய லொறியோ சிறிய வானோ எடுத்துவிட்டு, ஆட்கள் போகும் நாளுக்கு ஓட்டோ பிடிப்பது மலிவு. எங்கள் முதலாளிக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு வருடம் பிடித்தது. வாசலில் கார் நின்றால் மரியாதை என்று அவர் நினைத்தார். கொப்பியைக் கையில் கொடுத்துப் பொருள் ஏற்றிய நாட்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

மின்சாரக் கார் பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். கூரையில் சூரிய மின்தகடு இருந்து, தினமும் நகரத்துக்குள்ளேயே ஓடுவதென்றால் நல்ல தெரிவு. பழைய நிசான் லீஃப் பார்த்தால், பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் பட்டைகளை எண்ணுங்கள். புதிதில் பன்னிரண்டு இருக்கும். குறைந்திருந்தால் ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் அதற்கேற்பக் குறைந்திருக்கும்.

படி 3: கிலோமீற்றருக்கு என்ன விழுகிறது

இந்த ஒரு கணக்கை நீங்களே உட்கார்ந்து போட்டால், வேறு எந்த ஆலோசனையும் பெரிதாகத் தேவைப்படாது.

இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்குப் பழகுவதற்காக நான் வைத்தவை. உங்கள் ஊரில் இன்றுள்ள விலைகளை அந்த இடங்களில் போடுங்கள். பெற்றோல் லீற்றருக்கு 300 ரூபாய் என்று வைப்போம். மாதம் 1,500 கிலோமீற்றர், ஐந்து ஆண்டில் 90,000 கிலோமீற்றர்.

முதலாவது கார் பழைய பெற்றோல் கார். விலை 35 இலட்சம். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும். ஐந்து ஆண்டு கழித்து 25 இலட்சத்துக்கு விற்கலாம் என்றால் விலையில் இழப்பு 10 இலட்சம். எரிபொருள் 27 இலட்சம். திருத்தம், டயர், சேர்விஸ் 9 இலட்சம். காப்புறுதி மூன்றரை இலட்சம். கூட்டினால் 49.5 இலட்சம்.

இரண்டாவது கார் ஹைபிரிட். விலை 60 இலட்சம். லீற்றருக்கு 18 கிலோமீற்றர். 42 இலட்சத்துக்கு விற்றால் இழப்பு 18 இலட்சம். எரிபொருள் 15 இலட்சம். திருத்தம் 5 இலட்சம். ஹைபிரிட் பற்றரிக்காக ஒதுக்குவது 3 இலட்சம். காப்புறுதி ஐந்தரை இலட்சம். இதுவரை 46.5 இலட்சம். பார்த்தவுடன் ஹைபிரிட்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் கூடுதலான 25 இலட்சத்தை லீசிங்கில் எடுத்தால் ஐந்து ஆண்டில் வட்டி மட்டும் ஏறத்தாழ 10 இலட்சம் வரும். அதையும் சேர்த்தால் 56.5 இலட்சம்.

90,000ஆல் வகுங்கள். பழைய கார் கிலோமீற்றருக்கு 55 ரூபாய். ஹைபிரிட் ஏறத்தாழ 63 ரூபாய்.

இப்போது மாதம் 3,000 கிலோமீற்றர் என்று வைத்து எரிபொருளை மட்டும் இரட்டிப்பாக்குங்கள். பழைய கார் 76.5 இலட்சம், ஹைபிரிட் 71.5 இலட்சம். ஹைபிரிட் முந்திவிட்டது. இந்தக் கணக்கில் இரண்டும் சமமாகும் இடம் மாதம் ஏறத்தாழ 2,400 கிலோமீற்றர். அதற்குக் கீழே ஓடுபவர் எரிபொருள் மிச்சத்துக்காக ஹைபிரிட் வாங்கினால் அந்த மிச்சம் வட்டியில் போய்விடும். கையில் காசு இருந்து லீசிங் இல்லாமல் வாங்குபவருக்குக் கணக்கு மாறும். அவர் அந்தக் காசை வைப்பிலிட்டால் வரக்கூடிய வட்டியை 10 இலட்சத்தின் இடத்தில் போடவேண்டும். முதற்படியில் கொப்பி எழுதச் சொன்னது இதற்காகத்தான். "எங்களுக்கு நிறைய ஓட்டம்" என்று சொல்கிறவர்களின் கொப்பியைப் பார்த்தால் பலமுறை 1,200, 1,300தான் இருக்கும்.

விலை பற்றி ஒரு விடயம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்து ஆண்டுகளில் நாட்டுக்குள் வந்த கார்கள் மிகக் குறைவு. அதனால் பத்து வயதுக் காருக்குக்கூட எங்கள் நாட்டில் நல்ல விலை நிற்கிறது. இறக்குமதி வரி மாறினால் அந்த விலையும் மாறும். ஆகவே விற்கும் விலையைக் கணிக்கும்போது சற்றுக் குறைத்தே எழுதுங்கள்.

படி 4: லீசிங்கும் வரியும்

லீசிங் நிறுவனம் சொல்லும் மாதத் தவணையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். தவணையை மாதங்களால் பெருக்கி, முற்பணத்தைக் கூட்டி, மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று பாருங்கள். இடையில் முழுவதையும் கட்டி முடித்தால் என்ன கழிவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வரியில் கார் வேறு, சரக்கு வாகனம் வேறு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, சரக்கு வாகனத்தின் தேய்மானத்தை நிறுவனத்தின் வருமான வரிக் கணக்கில் கழிக்கலாம். சாதாரணப் பயணிகள் காருக்கு அந்தக் கழிவு இல்லை. வாங்கும் முன் உங்கள் கணக்காளரிடம் உங்கள் வாகனம் எந்த வகைக்குள் வரும் என்று கேட்டுவிடுங்கள்.

படி 5: குனிந்து பாருங்கள்

எங்கள் ஊர் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். கல்லடியிலோ காத்தான்குடியிலோ பத்து ஆண்டு திறந்த வெளியில் நின்ற காரின் மேல் வர்ணம் பளபளக்கும். கீழே நிலைமை வேறாக இருக்கும்.

எங்கள் இரண்டாவது வாகனத்தைத் தேடியபோது ஏறாவூரில் ஒரு காரைப் பார்த்தோம். வெளியே பார்த்தால் புதுக் கார்தான். கூட வந்த மெக்கானிக் அண்ணன் ஒரு சாக்கை விரித்துக் கீழே படுத்தார். டோர்ச் வெளிச்சத்தில் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பை ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக் என்று கேட்ட சத்தம் பின்சக்கரத்துக்குக் கிட்டே வந்ததும் சதக் என்று மாறியது. விரலால் அழுத்தினார். கறுப்புப் பூச்சு உரிந்து, அதன் கீழே துருப்பிடித்த தகடு பிஸ்கட் போல உடைந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. "தம்பி, இது பூசி மறைத்தது" என்றார். அவருக்குக் கொடுத்த கூலி அன்று எங்களை ஒரு பெரிய நட்டத்திலிருந்து காப்பாற்றியது. நீங்களும் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். விற்பவர் காட்டும் கராஜுக்குப் போகவேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற காரையும் கண்டுபிடிக்கத் தெரியவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்துக்குப் பிறகு இது இன்னும் அவசியம். இருக்கைப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அந்தக் கார் மூழ்கியது. பின்பெட்டியில் மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியைத் திறந்து மணலும் துருவும் இருக்கிறதா பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி மணந்து பாருங்கள். ஈர மணம் லேசில் போகாது.

ஓடிய கிலோமீற்றரைக் குறைத்துக் காட்டுவது நடக்கிறது. மீற்றரில் 60,000 என்று இருந்து, பிரேக் மிதியின் இறப்பர் வழுக்கலாகத் தேய்ந்திருந்தால் மிதியை நம்புங்கள்.

ஹைபிரிட் காரில் பின் இருக்கைப் பக்கம் ஒரு காற்றுத் துளை இருக்கும். பற்றரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியே போகிறது. நிறுவனக் கார்களில் அதன்மேல்தான் பெட்டியையும் கோப்பையும் அடுக்குவார்கள். துளை தூசியால் அடைத்திருந்தால் பற்றரி சூட்டில் வெந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு, பற்றரியைப் பரிசோதித்த பிறகே விலை பேசுங்கள்.

படி 6: பத்திரங்கள்

பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியைக் கையில் வாங்கி, அதிலுள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தில் உள்ளவற்றோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் வரும்வரை முற்பணம்கூடக் கொடுக்கவேண்டாம். பெயர் மாற்றாமல் கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு கைமாறி வரும் வாகனங்கள் நிறைய உள்ளன. அப்படி வாங்கிய ஒன்றுக்காக எனக்குத் தெரிந்த ஒருவர் பழைய உரிமையாளரைத் தேடி எட்டு மாதம் அலைந்தார். பதிவில் பெயர் உள்ளவரே நேரில் வந்து கையொப்பமிட்டால் மட்டும் வாங்குங்கள். உடனேயே நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுங்கள்.

காப்புறுதி எடுக்கும்போது வாகனம் நிறுவன வேலைக்கு ஓடுகிறது, ஓட்டுபவர்கள் பலர் என்பதைச் சொல்லி எழுதுவியுங்கள். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். இரண்டும் முடியும் திகதிகளைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 7: வாங்கிய பிறகு

கொப்பியை நிறுத்தவேண்டாம். எரிபொருள் நிரப்பும்போதெல்லாம் தாங்கியை முழுமையாக நிரப்பி, மீற்றர் எண்ணையும் லீற்றரையும் எழுதச் சொல்லுங்கள். முந்தைய எண்ணைக் கழித்து லீற்றரால் வகுத்தால் உண்மையான ஓட்டம் தெரியும். எங்கள் கார் வழமையாக 17 காட்டும். கடந்த மாதம் 15க்கு இறங்கியது. சாரதியோடு சேர்ந்து டயர்களைப் பார்த்தோம். பின்பக்கம் இரண்டிலும் காற்றுக் குறைவு. ஆரையம்பதிக் கடையொன்றில் காற்றடித்தோம். அடுத்த முறை நிரப்பியபோது கொப்பியில் மீண்டும் 17.