கல்லுப்பைத் தூய்மையாக்கிப் படிகமாக்கும் முறை

கடையில் வாங்கும் கல்லுப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இருப்பதில்லை. உப்பளத்துத் தரையின் மணலும் களிமண்ணும் அதில் ஒட்டியிருக்கும்; கடல்நீரிலிருந்தே வந்த கால்சியம் சல்பேட்டும் மக்னீசியம் குளோரைடும் சிறிதளவு கலந்திருக்கும். மண் நீரில் கரையாது என்பதால் அதை வடிகட்டி நீக்கலாம். கரைந்துபோகும் மற்ற உப்புகளை எந்தத் துணியாலும் எந்தத் தாளாலும் பிரிக்க முடியாது. அவற்றுக்குப் படிகமாக்கலே வழி. வடிநீரை முற்றிலும் வற்றவைத்தால் மண் மட்டுமே நீங்கியிருக்கும், கரைந்தவை அனைத்தும் தட்டிலேயே தங்கிவிடும். ஆகவே எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் இந்தச் செய்முறையின் உயிர் இருக்கிறது.

50 கிராம் கல்லுப்பை 200 மில்லி நீரில் இட்டு, முற்றிலும் கரையும் வரை கலக்குங்கள். நீரைச் சூடாக்கினால் விரைவாகக் கரையும். ஆனால் கரையும் அளவு பெரிதாக அதிகரிக்காது. 100 மில்லி நீரில் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 36 கிராம் உப்புக் கரையும் என்றால், கொதிநிலையிலும் 39 கிராம் அளவே கரையும். பொட்டாசியம் நைட்ரேட்டோ 20 டிகிரி செல்சியசில் 32 கிராமும் 60 டிகிரியில் 110 கிராமும் கரைவதால், அதன் சூடான கரைசலை ஆறவைத்தாலே படிகங்கள் வந்துவிடும். சமையல் உப்பில் அது பலிக்காது. நீரை வெளியேற்றியே தீர வேண்டும்.

கரைசலை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் மணல் அடியில் படியும். மேலே தெளிந்த நீரை மெதுவாக இறுத்து, புனலில் பொருத்திய வடிதாள் வழியாகவோ நான்காக மடித்த பருத்தித் துணி வழியாகவோ ஊற்றுங்கள். வண்டலை முதலிலேயே ஊற்றினால் நுண்ணிய களிமண் துளைகளை அடைத்துவிடும் என்பதால், அதைக் கடைசியில் ஊற்றுவதே நல்லது. வடிதாளில் தங்கிய மண்ணிலும் உப்புநீர் ஊறியிருக்கும். அதன்மேல் சில துளி நீரை இரண்டு மூன்று முறை விட்டுக் கழுவினால் அந்த உப்பும் கிடைத்துவிடும். ஒரே முறையில் நிறைய நீர் ஊற்றுவதைவிடச் சிறிது சிறிதாகப் பலமுறை கழுவுவது குறைந்த நீரில் நன்றாக வேலை செய்யும்.

இனி வடிநீரைச் சுண்டவைக்க வேண்டும். உப்பின் உருகுநிலை 801 டிகிரி செல்சியஸ் ஆகையால், நீர் 100 டிகிரியை ஒட்டிக் கொதித்து ஆவியாகும்போது உப்பு அதனுடன் செல்வதில்லை. உப்புநீர் அலுமினியத்தையும் இரும்பையும் அரிப்பதால் எவர்சில்வர் அல்லது பீங்கான் பாத்திரமே ஏற்றது. ஏறக்குறைய 150 மில்லியாகச் சுண்டியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள்; வற்றும் தறுவாயில் சூடான உப்புத் தெறித்துக் கண்ணில் படக்கூடும். கரைசல் கலங்கியிருந்தால் ஆறிய பின் மறுபடி வடிகட்டுங்கள்.

இப்போது அது தெவிட்டிய நிலையை, அதாவது இனி உப்புக் கரைய இடமில்லாத நிலையை, நெருங்கியிருக்கும். அகன்ற தட்டில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, வெயில் படும் இடத்தில் அசைக்காமல் வையுங்கள். நீர்ப்பரப்பில் சிறு சதுரங்கள் மிதக்கத் தொடங்கும். அவை எடை கூடியதும் மூழ்கி அடியில் வளரும். மெதுவாக ஆவியாகும் கரைசலில் படிகங்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெரிதாகவும் அமையும். சோடியம், குளோரைடு அயனிகள் கனசதுர ஒழுங்கில் அடுக்கப்படுவதே இந்தச் சதுர வடிவத்துக்குக் காரணம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இந்த வடிவம் தெளிவாகத் தெரியும்.

தூத்துக்குடி உப்பளங்களில் நடப்பதும் இதுவே. உப்புநீர் பாத்தி பாத்தியாக அடர்த்தியேறிச் செல்லும்போது கால்சியம் சல்பேட் முன்னதாகவே ஜிப்சமாகப் படிகிறது. நீரின் அடர்த்தியைக் குறிக்கும் போமே அளவில் 25 டிகிரியை ஒட்டிச் சாப்பாட்டு உப்பு படிகிறது. 30 டிகிரியை நெருங்கும்போது மக்னீசியம் உப்புகள் மிகுந்த கசப்பு நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். நீங்களும் தட்டில் பத்தில் ஒரு பங்கு நீர் மிஞ்சும்போது அதைச் சாய்த்து ஊற்றிவிடுங்கள். படிகங்களின் மேல் ஒட்டிய மிச்சத்தைக் கழுவ வெறும் நீர் கூடாது, படிகமே கரைந்துவிடும். கிடைத்த உப்பில் சிறிதை எடுத்துத் தெவிட்டிய கரைசல் தயாரித்து, அதனால் கழுவி உலர்த்துங்கள்.

சோதிப்பதற்குப் பழைய கல்லுப்பையும் புதிய படிகங்களையும் அருகருகே திறந்து வைக்கலாம். மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 33 விழுக்காட்டைத் தாண்டினாலே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். தூய சோடியம் குளோரைடோ 75 விழுக்காடு வரை தாங்கும். ஆகவே மழை இல்லாத நாளில் வைத்தால்தான் வேறுபாடு தெளிவாகத் தெரியும். அயோடின் சேர்த்த கல்லுப்பாக இருந்தால் அந்த அயோடினில் பெரும்பகுதி ஊற்றிவிட்ட நீரோடு போயிருக்கும் என்பதால், இந்தப் படிகங்களைச் சமையலுக்குப் பயன்படுத்த வேண்டாம்.